கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்

(யாழ்ப்பாணத்தில், சனசமூக நிலைய மண்டபமொன்றில் முன்பள்ளிப் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

பெற்றோரே, முன்பள்ளி ஆசிரியைகளே, நிர்வாகசபையினரே,

ஒரேயொரு வசனத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். "பிள்ளையைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள், பிறகு பார்ப்போம்." நம்முடைய முன்பள்ளிகளில் பிள்ளையை விலக்கக் கடிதம் எழுதுவதில்லை, இந்த வசனமே போதும். தாய் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விடுவாள். பிறகு யாரும் பார்ப்பதில்லை.

நானும் அதைச் சொன்னவள். பல வருடங்களுக்கு முன், மூன்றரை வயதுப் பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். மற்றப் பிள்ளைகளைக் கடிப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். 28 பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. கடிபட்ட பிள்ளையின் தகப்பன் வந்து சத்தம் போட்ட அன்றைக்கே அந்தத் தாயிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அவளைச் சந்தையில் கண்டேன். பையனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்களாம். என் வகுப்பில் அவன் இருந்த நாட்களில் அதை நான் யோசித்திருக்க வேண்டும். இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2005ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தின் வோல்டர் கில்லியம், அமெரிக்காவின் 40 மாநிலங்களில் அரச நிதி பெறும் முன்பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தார். பாடசாலை மாணவரைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் அந்தச் சின்னஞ்சிறுசுகள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளையினப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால், பிள்ளைகளின் நடத்தை பற்றி ஆலோசனை சொல்ல ஒருவர் ஒழுங்காக வந்துபோன வகுப்புகளில் வெளியேற்றம் குறைவாக இருந்தது. ஆசிரியைகளே, இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக விடப்பட்ட ஆசிரியைதான் பிள்ளையை அனுப்பிவிடுகிறாள்.

சாதியின் பேரால் தரையில் இருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு வாங்கில் இடம் வேண்டுமென்று 1920களின் இறுதியில் சம ஆசனம் கேட்டுப் போராடிய மண் இது. இன்று வாசலில் கேட்கப்படும் கேள்விகள் வேறு. இன்னும் பேச்சு வரவில்லையா? மலசலம் சொல்லத் தெரியாதா? கலைவிழா உடுப்புக்குக் காசு கட்டவில்லையா? நம் நாட்டில் கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வயதில் பிள்ளையைச் சுமப்பவை பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் தனியாரும்தான். ஆகவே சேர்ப்பதும் விலக்குவதும் இந்த மண்டபத்தில் இருக்கும் நம் கையில் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். எந்த ஆசிரியையும் தனியே அந்த வசனத்தைச் சொல்லக்கூடாது. முதலில் தாயையும் நிர்வாகசபையில் ஒருவரையும் இருத்திப் பேசுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் படிகள் அதில் இருக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். காதும் கண்ணும் பரிசோதிக்கப்படட்டும். எந்த நேரத்தில் கடிக்கிறான், பசியிலா, சத்தத்திலா என்று ஒரு கிழமை எழுதி வையுங்கள். அந்தக் கிழமை முழுவதும் ஊரிலுள்ள அம்மம்மா ஒருவர் வகுப்பில் உதவிக்கு இருக்கட்டும். காசில்லாத வீட்டின் கலைவிழா உடுப்பைச் சங்கம் பொறுக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை நிர்வாகசபை கூடுகிறது. ஆசிரியைகளே, இந்த வருடம் இடையில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் அந்த வீடுகளுக்குப் போவோம். நானும் வருகிறேன்.