மெரிடா சதுக்கத்தில் ஒரு மாலை

வணக்கம் நண்பர்களே. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில், மெரிடா நகரின் நட்டநடுவே இருக்கும் பிளாசா கிராண்டே சதுக்கத்தில் நிற்கிறேன். வெயில் தாழ்ந்துவிட்டது. ஊரே குடும்பம் குடும்பமாக இங்கே வந்துகொண்டிருக்கிறது.

இந்த வெள்ளை இருக்கையைப் பாருங்கள். இரண்டு பேருக்கானது. பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறோம், ஆனால் ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, மற்றவர் அந்தப் பக்கம் பார்த்து. லேசாகத் திரும்பினால் போதும், முகம் பார்த்துப் பேசலாம். கொன்ஃபிதெந்தே என்கிறார்கள். சதுக்கம் முழுக்க இவைதான். ஒன்றுகூடக் காலியாக இல்லை.

இப்போது தெற்கே திரும்புகிறேன். அதோ, மொந்தேஹோ மாளிகை. 1542இல் இந்த நகரை நிறுவிய ஸ்பானியக் குடும்பத்தின் வீடு. வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கும் படைவீரர்களின் காலடியைக் கவனியுங்கள்: தலைகளை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிழக்கே இருப்பது பேராலயம், 1598இல் கட்டி முடித்தது. இங்கே முன்பு, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்களின் தோ என்ற நகரம் இருந்தது. அதன் கோயில்களை இடித்த கல்லைக் கொண்டுதான் இதை எழுப்பினார்கள். வடக்கே ஆளுநர் மாளிகை, மேற்கே நகராட்சி. ஆள்வது யார் என்று நான்கு பக்கமும் நின்று சொல்வதற்காகவே போட்ட சதுக்கம் இது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இன்று இதை வைத்திருப்பவர்கள் யார்? பூவேலை செய்த வெள்ளை உடையில் மாயாப் பாட்டிகள் பேரக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நிழலுக்கு மரம், உட்கார இடம், கட்டணம் கிடையாது. சதுக்கத்தை மக்களிடம் சேர்த்தது இந்த மூன்றும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் கண்ணெதிரே எத்தனை நகரங்களில் பெஞ்சுகளைப் பிடுங்கி எறிகிறார்கள்! பார்க்கவே வயிறு எரிகிறது.

இந்த வண்டியில் மார்கெசீட்டா சுடுகிறார்கள். மாவை இரும்பு அச்சில் ஊற்றி அழுத்துகிறார். மேலே டச்சு எடாம் பாலாடைக்கட்டியைத் துருவிக் கொட்டி, சூட்டோடு சூடாகச் சுருட்டுகிறார். ஆறினால் சுருட்ட வராது, உடைந்துவிடும். கடித்தால் மொறுமொறுப்பு, உள்ளே உப்பும் இனிப்பும். இந்த ஊரிலேயே பிறந்த பண்டம்.

ஆளுநர் மாளிகைக்குள் பெர்னாண்டோ காஸ்த்ரோ பாச்சேகோ தீட்டிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. மாயா மக்கள் பட்ட துன்பம் அத்தனையும் அதில் உண்டு. பகலில் வந்தால் தவறவிடாதீர்கள். திங்கட்கிழமை இரவாக இருந்தால் நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் ஹரானா நடனம் நடக்கும், பார்க்கக் காசு வேண்டாம். கொஞ்சம் முன்னதாகவே வந்து நாற்காலி பிடித்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் உங்களுக்கு முன்பே வந்திருப்பார்கள்.