ஆர் ஆக்கள்?

வணக்கம். திருகோணமலையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்: “ஆர் ஆக்கள் நீங்கள்?” வாடகை, முற்பணம் எல்லாம் அப்புறம். இனம், மதம், சாதி மூன்றையும் ஒரே மூச்சில் விசாரித்துவிடும் கேள்வி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாய் வாழும் மாவட்டம் இது. இந்த விசாரணை மூன்று பக்கத்திலும் உண்டு.

கலைகளிடமும் இதைத்தான் கேட்கிறோம். 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நவீன அரங்கின் பெருமை என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்கு வடிவம் தந்தது ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் ஆட்டம். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில். இப்போது சொல்லுங்கள், மனமே ஆர் ஆக்கள்?

அதற்காகக் கூத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது பாத்திரம் பிரிக்கும்போது, ராசா யார் வீட்டுப் பிள்ளைக்கு என்பதில் ஊர்க் கணக்கும் நுழையும். அதே கூத்தின் ஒரு வகையான வடமோடி ஆட்டத்தை வைத்துத்தான் 1969இல் நாடகக்காரர் மௌனகுரு ‘சங்காரம்’ நாடகம் போட்டார். சாதி அதில் அரக்கனாக ஆடி வந்தது.

எங்கள் நாடகக் குழு செய்வது சின்ன வேலை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அவுகுஸ்தோ போவால் காட்டிய வழி: நடுவில் நாடகத்தை நிறுத்துவோம், பார்ப்பவர் எழுந்து வந்து பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நடிக்கலாம். ஒருநாள் இந்த வாடகை வீட்டுக் கதையை ஆடினோம். வீடு கேட்டு வரும் பெண்ணாக யாராவது வருவார்கள் என்று பார்த்திருந்தோம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். “அவளாக இல்லை, நான் வீட்டுக்காரியாக நடிக்கிறேன். எனக்கு இரண்டு அறை வாடகைக்கு இருக்கு.” முறைப்படி அது பிழை. சரி என்று விட்டோம்.

வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, கையில் ஆட்டியபடி வாசலில் நின்றார். வீடு கேட்டு வருபவளாக நடித்த எங்கள் குழுப் பிள்ளை வணக்கம் சொன்னாள். அம்மா சட்டென்று, “ஆர் ஆக்கள் நீங்கள்?” என்றார். சபை கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கை ஆட்டம் நின்றுவிட்டது. “இதை நான் நடிக்கேல்லை, தம்பி,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தளக்காரரை வாசிக்க வேண்டாம் என்று கை காட்டினேன்.