வாட்சன் நோட்ஸ் எடுக்காத அந்த வகுப்பு

(திரையில்: மங்கலான வட்டத்துக்குள் எக்ஸ் வடிவில் கரும்புள்ளிகள்)

இதுதான் 'ஃபோட்டோ 51'. பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் மூலக்கூறான டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படம். 1952 மே மாதம், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங் எடுத்தது. 1953 ஜனவரியில் அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ் இதை ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். வாட்சன் அப்போது கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக்கோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தவர். ஃபிராங்க்ளினிடம் யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? வாட்சனே எழுதி வைத்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் வாய் பிளந்து நின்றாராம்! டி.என்.ஏ. ஓர் இரட்டைச் சுருள் என்று அவரும் கிரிக்கும் கண்டுபிடித்த கதைதான் 1968ல் வந்த அவருடைய 'தி டபுள் ஹெலிக்ஸ்'. அது பிறந்ததே சண்டையில்தான். பிரதியைப் படித்த கிரிக்கும் வில்கின்ஸும் கொதித்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் கைவிட்டது. வேறொரு பதிப்பகம் போட்டது, சக்கைப்போடு போட்டது.

கல்லூரி நாளில் நான் இதை ஒரே ராத்திரியில் படித்தேன். கிரிக் அடக்கமாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்றுதான் கதையே ஆரம்பிக்கும். பொறாமை, பார்ட்டி, அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் முந்திவிடுவாரோ என்ற பதைப்பு. விஞ்ஞானியும் நம்மைப் போல அற்பமானவர்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் பல வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.

(திரையில்: 1951 நவம்பர், விரிவுரை அறை)

ஃபிராங்க்ளின் தன் ஆய்வைப் பற்றிப் பேசுகிறார். கீழே உட்கார்ந்திருக்கும் வாட்சனுக்கோ, இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைமுடியை வேறு மாதிரி வைத்துக்கொண்டால் எப்படியிருப்பார் என்று யோசனை. நோட்ஸ் எடுக்கவில்லை. டி.என்.ஏ.வில் உள்ள தண்ணீரின் அளவைத் தப்பாக நினைவு வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதை நம்பி அவரும் கிரிக்கும் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழை மாடல் ஒன்று கட்டினார்கள். பார்க்க வந்த ஃபிராங்க்ளின் அதைத் தவிடுபொடியாக்கினார்.

இதையும் மறைக்காமல் எழுதியவர் வாட்சன்தான். 'மனுஷன் உள்ளதைச் சொல்கிறார்' என்று ஒரு சாரார் கொண்டாடுவது இதனால்தான். சரி, தன்னைப் பற்றி உள்ளதைச் சொல்லட்டும். புத்தகம் முழுக்க ஃபிராங்க்ளினை 'ரோசி' என்கிறாரே, அது முதுகுக்குப் பின்னால் கூப்பிட்ட பெயர். பதில் சொல்ல ஃபிராங்க்ளின் இல்லை. 1958ல், 37 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். தோழி ஆன் சேயர்தான் 1975ல் தனிப் புத்தகமே எழுதி மறுத்தார்.

பின்னுரையில் வாட்சன், தான் முதலில் அவரை எடைபோட்டது தப்பு என்று ஒப்புக்கொள்கிறார். சிலருக்கு அது போதுகிறது. எனக்குப் போதவில்லை, கதை முழுக்க ரோசி, கடைசியில் கொஞ்சம் ரோசலிண்ட். இன்னொன்று: இனத்தையும் அறிவுத்திறனையும் முடிச்சுப்போட்டுப் பேசியதற்காக, அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் வாட்சனுக்குத் தந்திருந்த கௌரவப் பட்டங்களை 2019ல் பறித்தது. அது தெரிந்து படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே சிரிப்பு வருவது கஷ்டம்.

போன மாதம் அக்கா மகள் என் பிரதியைக் கேட்டாள். "பின்னுரையை முதலில் படி" என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டால்தானே. மூன்றாம் நாள் போன்.

"மாமா, இந்த ஆள் நிஜமாகவே நோட்ஸ் எடுக்கலையா?"