தப்பான பெயரில் 24 வருடம்

(சின்னமனூரில் கல்லூரி மாணவர்களிடம் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். வௌவாலைப் பற்றிப் பேச்சு என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். பரவாயில்லை. வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போனால் ‘நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்பதுதான் உபசரிப்பாம். இன்றைக்கு அரை மணி நேரம் என்னோடு நீங்களும் தொங்குங்கள்.

நம் மேகமலையிலிருந்தே தொடங்குகிறேன். பழையவர்கள் பச்சைக்கூமாச்சி என்பார்கள். வெள்ளைக்காரர்கள் ஹைவேவிஸ் என்றார்கள். மேலே இருக்கிற பேரூராட்சிக்கு இன்றும் அதுதான் பெயர். அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்று ஒரு தோட்டத்துரை இருந்தார். எஸ்டேட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் காட்டு உயிர்களின் பின்னால் அலைந்தவர். 1948-இல் அவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், பாடம் செய்யப்பட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதி வைத்துவிட்டார்கள். குறுமூக்கு என்பது உங்கள் வீட்டுக் கொய்யா மரத்துக்கே ராத்திரி வந்து போவது. அதில் யாருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? பெட்டியை மூடிவிட்டார்கள்.

1972-இல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர் அந்தப் பாடம் செய்த வௌவாலை எடுத்துப் பார்த்தார். குறுமூக்குக்கு ஒரு குட்டை வால் உண்டு; இதற்கு வாலே இல்லை. குறுமூக்குக்கு முன்பற்கள் மேலே இரண்டு ஜோடி, கீழே இரண்டு ஜோடி. இதற்கு ஒவ்வொரு ஜோடிதான். புது இனம் மட்டுமில்லை, நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கிற பேரினமே புதிது. அகன்ற பல் என்று பொருள்படும்படி ‘லாட்டிடென்ஸ்’ என்று பெயரிட்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரையும் சேர்த்தார். அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இந்த ஒரே இனம்தான். அதுவும் தமிழ்நாடு, கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். (பாவம், கிட்டி இரண்டே வருடத்தில் இறந்துபோனார். உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு இன்று அவர் பெயர்.)

சரி, பெயர் வந்துவிட்டது. ஆள் எங்கே? 1993 வரை யாரும் உயிரோடு இன்னொன்றைப் பார்த்துப் பதிவு செய்யவில்லை. அந்த வருடம் கண்டதும் இதே மலையில்தான். பிறகு களக்காடு முண்டந்துறை, பெரியாறு பக்கமும் தென்பட்டது.

இது இருட்டுக் குகையிலும் பாறை இடுக்கிலும் பகலைக் கழிக்கும். குறுமூக்கு இலையை மடித்துக் கூடாரம் போட்டுக்கொள்ளும். ஓலையை வெட்டினால் வேறு ஓலை பார்த்துக்கொள்ளும். குகைக்கு அப்படி மாற்று கிடையாது. மலை முழுக்கத் தேடினாலும் ஒதுங்கத் தோதான குகை சிலதுதான் இருக்கும். ஆகவே ஒரு குகை வாயில் தீ மூட்டிப் புகை போட்டால், பல வருடமாகச் சேர்ந்த கூட்டம் ஒரே நாளில் போய்விடும். வௌவால் எலி மாதிரி பெருகவும் பெருகாது. பழந்தின்னிக்குப் பொதுவாக ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி.

குகை மட்டும் இருந்தால் போதுமா? சாப்பாடு வேண்டும். காட்டு அத்தி, உருத்திராட்ச இனத்து மரங்கள் இப்படிப் பழம் தேடிப் போகும். பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்து, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும் பழக்கம் இவற்றுக்கு. விதை அப்படித்தான் இடம் மாறுகிறது. மழைக்காட்டைத் துண்டு போட்டு நடுவில் தேயிலை வைத்தபோது அந்த மரங்கள் போயின. காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் காப்பித் தோட்டங்களில் சில பழைய மரங்கள் தப்பின. அங்கேயும் அத்தியை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நட்டால், மேலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் தெரியும். வௌவாலுக்கு அது பட்டினிக் காடு.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறொன்று. இதைப் பெயரிட்ட அதே 1972-இல்தான் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பழந்தின்னி வௌவால்களை அது எலி, சுண்டெலியோடு ஐந்தாம் அட்டவணையில் வைத்தது. தீங்குயிர், யாரும் கொல்லலாம். பின்னால் சாலிம் அலி வௌவாலை மட்டும் தூக்கிப் புலி, யானை இருக்கிற முதல் அட்டவணையில் வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பாயில் நிபுணர்களே 24 வருடம் குறுமூக்கு என்று நம்பியதை, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வலையோடு நிற்கிறவர் பல்லை எண்ணிப் பார்த்தா விடுவார்? ஒரு குகையில் கொல்லலாம், பக்கத்துக் குகையில் சிறை! 2022-இல் சட்டத்தைத் திருத்தித் தீங்குயிர் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் பிடித்தது.

அதற்குள் வேட்டை ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். பாட்டி பல விஷயத்தில் சரி, இதில் இல்லை. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கிராமங்களும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன என்பதையும் பாட்டிகளிடம் சொல்லுங்கள்.

2021-இல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமானது. புலியின் பேரால் காடு காக்கப்பட்டால் வௌவாலுக்கும் நல்லதுதான். ஆனால் தனியார் எஸ்டேட்டுக்குள் ஒரு குகை இருந்தால், அது தோட்டக்காரர் மனசையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் நம்பித்தான் இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பேசுவதை நான் பெரிய வேலையாக நினைக்கிறேன்.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, “சார், அந்தக் குகை எங்கே சார் இருக்கு? ஒரு ரீல்ஸ் போட்டா நாலு பேருக்குத் தெரியுமே” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். இடத்தை மட்டும் சொல்லவில்லை.