புது டிபி மாத்திரை எனக்கு ஏன் தரவில்லை?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டர் நான். டிபிக்கு வந்திருக்கும் புது மருந்துகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு ஆச்சி என்னைக் கேட்டார்: "ஏந் தம்பி, புது மாத்திரை வந்துருச்சாமே, எனக்கு மட்டும் ஏன் பழசையே தர்றீக?"

நியாயமான கேள்வி. பழசு என்றால் ஐசோநியாசிட் 1952-ல் வந்தது, ரிஃபாம்பிசின் அறுபதுகளில். அப்புறம் ஏறக்குறைய நாற்பது வருஷம் புது வகை மருந்தே இல்லை. ஏழைகளை அதிகம் பிடிக்கிற நோய், லாபம் கம்மி, வேறென்ன காரணம் இருக்கப் போகிறது?

ஆனால் கிருமியும் லேசுப்பட்டதில்லை. மற்ற பல கிருமிகள் அரை மணிக்குள் இரண்டாகும். இதற்குச் சுமார் இருபது மணி நேரம் வேண்டும், அதனால் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். வீட்டு முகப்பில் விரட்டினால் பின்னால் மூன்றாங்கட்டில் போய்ப் படுத்துக்கொள்கிற ஆள் மாதிரி, ஒரு பகுதி நுரையீரலுக்குள் உறங்கிக் கிடக்கும். பெரும்பாலான மருந்துகள் வளர்கிற கிருமியைத்தான் நன்றாக அடிக்கும், ஆறு மாதம் விழுங்கச் சொல்வது இதற்காகத்தான். புது மருந்தைத் தனியாகக் கொடுத்தும் சோதிக்க முடியாது, கிருமி சீக்கிரம் பழகிவிடும். கூட்டாகக் கொடுத்து, முடித்த பிறகும் நோய் திரும்புகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

புது மருந்துகளில் பெடாகுலின் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமி தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கும் இடத்தையே அடைப்பதால் உறங்குகிறதும் சாகும். 2019-ல் ப்ரெட்டோமனிட் வந்தது. இவற்றோடு லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்து ஆறு மாத மாத்திரை. 2024-ல் நம் நாட்டிலும் அனுமதித்தார்கள். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி உள்ளவர்களுக்கு முன்பு ஒன்றரை, இரண்டு வருஷ மருந்து, நடுவே காதைச் செவிடாக்கக்கூடிய ஊசி வேறு.

இந்தப் புதுக் கூட்டு அந்தக் கிருமிக்குத்தான். சளிப் பரிசோதனையில் கிருமி அடங்கும் என்று வந்தால் ஆச்சிக்கு ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் உள்ளிட்ட பழைய நாலு மருந்தே போதும். எல்லாருக்கும் புதுசைக் கொடுத்து, பாதியில் நிறுத்துகிறவர்களால் பெடாகுலினுக்கும் கிருமி பழகிவிட்டால், அப்புறம் எதைக் கொடுப்பது?

பழசு சாப்பிடுகிறவர்கள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். புது மருந்துக்காரர்கள் கால் மரத்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் லினசோலிட்தான் காரணம், அளவைக் குறைக்க வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்த வேண்டாம்.