மனோங்: கல்யாணம் ஆகாமலே ஒரு ஊருக்கே அண்ணனானவங்க

மனோங். இந்த ஒரு வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்கிட்டு வீடியோவ பாருங்க. பிலிப்பைன்ஸ்ல வடக்குப் பக்கம் இலோகோஸ்னு ஒரு பகுதி இருக்கு, அங்க பேசுற இலோகானோ மொழியில மனோங்னா அண்ணன், மனாங்னா அக்கா. நம்மள மாதிரிதான், வயசுல மூத்தவங்கள வெறும் பேர் சொல்லி கூப்பிட மாட்டாங்க. ஆனா அமெரிக்காவுல கலிபோர்னியாவுக்கு கூலி வேலைக்குப் போன ஒரு தலைமுறைக்கே இதுதான் பேரு, மனோங் தலைமுறை. அவங்கள்ல நெறைய பேருக்கு சொந்தமா பொண்டாட்டி புள்ளைங்களே கிடையாது, இருந்தும் ஊரே அவங்கள அண்ணன்னு கூப்பிட்டுச்சு. அது எப்படி ஆச்சுங்கிறதுதான் இந்த கதை.

[திரையில்: கலிபோர்னியா மேப், ஸ்டாக்டன் ஊர் மேல ஒரு புள்ளி]

1898ல ஸ்பெயின் கூட நடந்த சண்டையில ஜெயிச்சு பிலிப்பைன்ஸ அமெரிக்கா எடுத்துக்குச்சு. அதனால பிலிப்பினோக்கள் வெளிநாட்டுக்காரங்களும் இல்ல, குடிமக்களும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல "நேஷனல்"னு ஒரு அந்தஸ்து. ஓட்டு கிடையாது, ஆனா கப்பல் ஏறி வந்துரலாம். 1906ல முதல்ல 15 பேர் ஹவாய் கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. 1924ல மத்த ஆசியாக்காரங்க உள்ள வர கதவ சாத்தினதும், கலிபோர்னியா பண்ணை முதலாளிங்க இந்தப் பசங்க பக்கம் திரும்பிட்டாங்க. அங்க போய் படிக்கலாம்னு கனவோட கெளம்புன பசங்க நெறைய, வந்து நின்ன இடம் வயக்காடு.

ஸ்டாக்டன் சுத்தி டெல்டா மண்ணு, கறுப்பா, பொடியா, லேசா இருக்கும். அங்க முக்கிய பயிர் அஸ்பாரகஸ், நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்கு சொந்தக்காரச் செடிதான், ஆனா இங்க கிழங்கு இல்ல, மண்ணுல இருந்து குச்சி குச்சியா மேல வர குருத்தத்தான் சாப்பிடுவாங்க. வெயில் ஏறுச்சுன்னா அந்தக் குருத்து ஒரே நாள்ல மளமளன்னு வளந்துரும், ஒரு நாள் விட்டாலும் முத்திப் போயிரும், அதனால சீசன்ல லீவுங்கிற பேச்சே இல்ல. விடியறதுக்கு முன்னாடி வரப்புல எறங்கி, நீளமான கத்திய மண்ணுக்குள்ள சாய்ச்சு விட்டு ஒரு குத்து, குருத்த எடு, அடுத்ததுக்கு நகரு, குனிஞ்ச முதுகு நிமிரவே நேரமிருக்காது. அந்தப் பொடி மண்ணு ஒடம்புல பட்டா அரிச்சு எடுத்துரும், அதுக்காக அந்த வெயில்லயும் சட்டை மேல சட்டை போட்டு, மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு வேலை பாத்திருக்காங்க. சீசன் முடிஞ்சா சாலினாஸ்ல லெட்டூஸ், டெலானோவுல திராட்சை, இன்னும் சில பேர் அலாஸ்காவுல மீன் டப்பா ஃபேக்டரி. வருஷம் முழுக்க அலைச்சல்.

[திரையில்: கோட் சூட் போட்ட இளைஞர்கள், பழைய கறுப்பு வெள்ளை போட்டோ]

ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்டாக்டன்ல எல் டொராடோ ஸ்ட்ரீட், அங்கதான் லிட்டில் மணிலா. சலூன், சாப்பாட்டுக் கடை, லாட்ஜ், எல்லாம் அவங்களோடது, பிலிப்பைன்ஸுக்கு வெளிய பிலிப்பினோக்கள் அதிகமா இருந்த ஊரே அப்போ அதுதான். ஊர்ல இருக்கிற வெள்ளைக்கார ஹோட்டல் வாசல்ல பிலிப்பினோவுக்கு கண்டிப்பா அனுமதி இல்லைன்னு போர்டு மாட்டியிருந்தத இப்பவும் போட்டோவுல பாக்கலாம், பாத்தா வயிறு எரியும்.

1930ல கலிபோர்னியாவுல சுமார் 30,000 பிலிப்பினோக்கள். ஆம்பளைங்க 14 பேருக்கு ஒரு பொண்ணுங்கிற கணக்கு. சரி, வெள்ளைக்காரப் பொண்ண கட்டிக்கலாம்னா 1933ல சட்டமே போட்டு தடுத்துட்டாங்க, அது 1948 வரைக்கும் இருந்துச்சு, காதலிச்சவங்க வேற ஸ்டேட்டுக்குப் போய்தான் தாலி, அதாவது மோதிரம், மாத்திக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே 1930 ஜனவரியில வாட்சன்வில் ஊர்ல, இவங்க டான்ஸ் ஹால்ல வெள்ளைக்காரப் பொண்ணுங்க கூட ஆடுறாங்கன்னு கும்பல் நாள் கணக்கா அடிச்சு, தொழிலாளர் கொட்டகைய சுட்டதுல ஃபெர்மின் டொபேராங்கிற 22 வயசுப் பையன் செத்துப் போனான். அதே மாசம் ஸ்டாக்டன்ல அவங்க சங்கக் கட்டடத்துல குண்டு வெடிச்சுச்சு. 1934ல ஒரு சட்டம் வந்து, வருஷத்துக்கு 50 பேருக்கு மேல உள்ள வர முடியாதுன்னு ஆச்சு. தங்கச்சியையோ முறைப்பொண்ணையோ கூட்டிட்டு வர வழியும் அடைபட்டுச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, அங்க இருந்த கொஞ்ச குடும்பத்துல ஒரு குழந்தை பொறந்தா என்ன நடக்கும்? ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, வரிசையா நிப்பாங்க. காலையில மண்ணுல பெரண்ட அதே மனுஷங்க கோட் சூட் போட்டு, கையில காசோட. அந்தக் குழந்தைங்களுக்கு ஊரெல்லாம் பெரியப்பா சித்தப்பா. சொந்தபந்தத்த சட்டம் தடுத்துச்சு, இவங்க வேற வழியில கட்டிக்கிட்டாங்க.

ரெண்டாம் உலகப் போர்ல பிலிப்பினோ ரெஜிமென்ட்ல சேர்ந்து போனவங்க சில பேர் ஊர்ல கல்யாணம் பண்ணி மனைவியோட திரும்புனாங்க, அப்புறம்தான் வீடுகள்ல குழந்தைச் சத்தம் கூடுச்சு. 1946 சட்டத்துலதான் பிலிப்பினோக்கள் எல்லாருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு வாங்க வழி கெடைச்சுது, அதே சட்டம்தான் இந்தியர்களுக்கும் அந்தக் கதவ திறந்துச்சு.

கல்யாணம் ஆகாமலே இருந்தவங்களுக்கு வயசாச்சு. 1965 செப்டம்பர் 8, டெலானோவுல பிலிப்பினோ ஹால்ல கூடி, மணிக்கு 1.40 டாலர் குடுக்காம திராட்சை பறிக்க மாட்டோம்னு வேலைய நிறுத்துனாங்க. முன்னாடி நின்னது லாரி இட்லியாங், அலாஸ்கா வேலையில மூணு விரல இழந்தவரு. அறுபத நெருங்குனவங்கள கூட அவங்க தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்ல இருந்து முதலாளிங்க வெளிய தள்ளுனாங்க. எட்டு நாள் கழிச்சுதான் சீசர் சாவேஸோட மெக்ஸிகன் சங்கம் சேந்துச்சு, ரெண்டு கூட்டமும் அதே ஹால்ல உக்காந்து ஒண்ணா சாப்பிட்டாங்க. 1970ல பண்ணை முதலாளிங்க கூட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. உலகத்துக்கு சாவேஸ் பேர் தெரியும், ஆரம்பிச்சு வச்ச இட்லியாங் பேர் ரொம்ப பேருக்குத் தெரியாது, எனக்கு இது நியாயமாவே படல. 1974ல குடும்பம் இல்லாத இந்த வயசானவங்களுக்காக டெலானோவுல அக்பயானி வில்லேஜ்னு வீடு கட்டுனாங்க, கட்ட வந்ததுல ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள்.

ஸ்டாக்டன்ல மட்டும் லிட்டில் மணிலா நடுவுல ஃப்ரீவே போட்டாங்க, கடையும் லாட்ஜும் இடிஞ்சு போச்சு. தப்பிச்ச கட்டடங்கள்ல டகுஹோய் லாட்ஜும் ஒண்ணு. 2005ல அதோட தரைக்குக் கீழ இருக்கிற அறையில பெரிய பெரிய டிரங்குப் பெட்டி கெடந்துச்சு, சீசன் வேலைக்குப் போறப்போ வச்சுட்டுப் போனவங்களோடது.

[திரையில்: பெட்டி மூடி மெதுவா திறக்குது]

உள்ள துணிமணி, போட்டோ, ஊர்ல இருந்து வந்த லெட்டர்.