ஜிம் தோர்ப்: கட்டுப் போட்ட காலோடு ஆடியவர்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, தூறலைப் பார்த்தும் பந்தலை விட்டு நகராத தாய்மார்களே, முன்வரிசையில் முழங்காலில் கட்டோடு வந்திருக்கும் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அண்ணன் அந்தக் காலத்தில் கபடியில் பாடிப் போனால் எதிரணியே கோட்டோரம் ஒதுங்கி நிற்கும், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பொன்னாடை போர்த்திய வரவேற்புக் குழுவுக்கும் என் நன்றி.

ஜிம் தோர்ப் என்ற அமெரிக்க விளையாட்டு வீரரைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். அவருடைய கால்பந்து, அவருடைய ஒலிம்பிக், அவர் தலைவராக இருந்த லீக். கால்பந்து என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதித் தள்ளி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.

இன்றைய ஒக்லஹோமாவில், சாக் அண்டு ஃபாக்ஸ் என்ற பூர்வகுடியில் பிறந்த பிள்ளை. கார்லைல் என்ற உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டி, தாய்மொழியில் பேசினால் தண்டித்த பள்ளி அது. அந்தப் பள்ளி அணிதான் 1911 நவம்பரில் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே சந்தித்தது. ஒரு பக்கம் பணக்காரப் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் இந்தப் பிள்ளைகள். இவர்களுக்கு இது போதும் என்று ஹார்வர்டின் பயிற்சியாளர் தன் முதல்தர ஆட்டக்காரர்களை வெளியில் உட்கார வைத்து, மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார். தோர்ப்புக்கோ காலில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார். அந்தக் காலோடு ஒரு ஃபீல்டு கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பி மூன்று புள்ளி வாங்குகிற கோல், அடித்தார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. விபரீதம் புரிந்து கடைசிப் பகுதியில் முதல்தர ஆட்டக்காரர்களை இறக்கிப் பார்த்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! நான்காவது கோலும் விழுந்தது. 18-15 என்று கார்லைல் ஜெயித்தது, அதில் 12 புள்ளி அந்த நான்கு கோல்களில் வந்தவை. மறு வருடம் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று தோற்கடித்தார்கள். எதிரணியில் ஆடிய ஐசன்ஹோவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

சரி, ஒலிம்பிக். 1912 ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம். 1913-ல் இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். என்ன குற்றம்? முன்பு கோடை விடுமுறையில் சிறிய பேஸ்பால் லீக்கில் கொஞ்சம் சம்பளம் வாங்கி ஆடினாராம். காசு வாங்கி ஆடியவருக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. மற்ற கல்லூரிப் பையன்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள், இவர் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். இத்தனைக்கும் ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. புகார் வந்தது சுமார் ஆறு மாதம் கழித்து. வயிற்றுக்காக ஆடியவனைத் திருடனைப் போல நடத்தினார்களே, இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

லீக் பற்றி இன்னொரு நாள் விரிவாகச் சொல்கிறேன். 1920-ல் கேன்டன் ஊரில் ஒரு கார் ஷோரூமில் கூடி அதைத் தொடங்கினார்கள், அதுதான் இன்றைய என்.எஃப்.எல்., அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறை லீக். அதன் முதல் தலைவர் தோர்ப். அப்பேர்ப்பட்டவர் பிற்காலத்தில் கூலிக்குக் குழி வெட்டினார். 1951-ல் உதட்டில் புற்றுநோய் வந்தபோது வைத்தியத்துக்குக் காசில்லை. 1953-ல் இறந்தார். அப்புறம்தான் ஓர் ஊரே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு உடலை வாங்கிப் புதைத்தது, அவர் வாழ்ந்தே இராத ஊர். ஒலிம்பிக் கமிட்டி அவரையும் கூட்டு வெற்றியாளர் என்று சேர்த்து, பிடுங்கிய பதக்கத்தில் பங்கு கொடுத்தது 1982-ல், தனி வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டது 2022-ல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அதனால் கேட்கிறேன், தலைவர் அவர்களே. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே மாதாமாதம் ஓய்வூதியம் கொடுங்கள். மாநில அணிக்கு ஆடினார்களா, மாவட்ட அணிக்கு ஆடினார்களா என்று பிரித்துப் பார்க்காதீர்கள். இந்த அண்ணன் பேருந்தில் வந்து, பாதி தூரம் நொண்டி நடந்து இங்கே உட்கார்ந்திருக்கிறார். வாசல் பக்கம் மேஜையில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து அண்ணன் போடட்டும். தம்பிகளா, அவரை எழுந்து வரச் சொல்லாதீர்கள், தாளையும் பேனாவையும் அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வணக்கம்.